பாயிண்ட் ஏசிக்கு, காட்சி ஜன்னலுக்கு: நெல்லையிலிருந்து ரயிலில் ஊர் பார்க்கக் கிளம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ரயில் டிக்கெட் போடுகிற ஆள் நான். பேட்டையில் இருக்கும் மைனி, பாளையங்கோட்டை அத்தான், கல்லிடைக்குறிச்சிச் சித்தி என்று யார் எங்கே கிளம்பினாலும் போன் இங்கேதான் வரும். இரண்டு வருஷமாக எல்லோரும் கேட்பது ஒன்றுதான். கார்டில் சேர்ந்த பாயிண்ட்டை வைத்து நல்ல காட்சி உள்ள பாதையில் நீளமாக ஒரு ரயில் பயணம் போக முடியுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, என் பதில்களை எழுதியிருக்கிறேன்.

“அண்ணாச்சி, பாயிண்ட்டுல டிக்கெட் போடலாம்னு சொல்லுதாவளே, நெசமா?”

நிஜம்தான். ஆனால் ரயில்வே யாருக்கும் சும்மா பாயிண்ட் கொடுப்பதில்லை. ரயில்வேக்கு இணையத்தில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசியோடு சேர்ந்து சில வங்கிகள் கிரெடிட் கார்டு வெளியிடுகின்றன. எஸ்பிஐ கார்டு அதில் பழையது, பேங்க் ஆஃப் பரோடா, எச்டிஎஃப்சி கார்டுகள் பின்னால் வந்தவை. அந்தக் கார்டில் ஐஆர்சிடிசி தளத்திலோ செயலியிலோ டிக்கெட் எடுத்தால் பாயிண்ட் சேரும். சேர்ந்ததை அதே தளத்தில் அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் கவுன்டரில் பாயிண்ட் செல்லாது.

அதற்கு முன் கார்டின் லாயல்டி எண்ணை, அதாவது பாயிண்ட் கணக்கின் எண்ணை, உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் இணைக்க வேண்டும். இதை டிக்கெட் எடுக்கும் அன்று காலையில் செய்ய உட்காராதீர்கள். ஒரு மாதம் முன்பே இணைத்துவிட்டு, பாயிண்ட் இருப்பு திரையில் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அத்தான் முன்பதிவு திறக்கிற நிமிஷத்தில் இணைக்க உட்கார்ந்தார். கடைசியில் பாயிண்ட் அப்படியே கிடக்க, டிக்கெட்டுக்குக் கைக்காசுதான் போனது.

“எவ்வளவு சேரும்? ஒரு டூருக்கு ஆகுமா?”

எஸ்பிஐ பிளாட்டினம் கார்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஏசி வகுப்புகளிலும் சேர் காரிலும் போட்ட டிக்கெட் மதிப்பில் ஏறத்தாழ 10 சதவீதம் பாயிண்ட்டாகத் திரும்பும். மற்ற செலவுக்கு 125 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். முதல் வருஷக் கட்டணம் 500, வரியோடு 590. அடுத்த வருஷத்திலிருந்து 300, வரி தனி. விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கிற அன்று ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் குடும்பம் பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்றாம் ஏசியில் சென்னை போய் வருகிறது, போக வர 9,000 ரூபாய்ச் சுமாருக்கு ஆகிறது என்று வையுங்கள். 900 பாயிண்ட். தீபாவளிக்கும் அப்படியே என்றால் வருஷத்துக்கு 1,800. முதல் வருஷக் கார்டுக் கட்டணம் போக நிகரமாக 1,200 சொச்சம். ஒரு ஆளுக்குக் கோவா வரை மூன்றாம் ஏசிச் செலவில் பாதிக்கு மேல் இதில் கழியும். வந்தே பாரத் சேர் காரில் போனாலும் அதே சதவீதம்தான்.

இதையே மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் தேய்த்துச் சேர்க்கப் போனால் 2,000 பாயிண்ட்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் செலவழிக்க வேண்டும். அதற்கு நடந்தே போகலாம்.

பேங்க் ஆஃப் பரோடா கார்டில் 100 ரூபாய்க்கு 40 பாயிண்ட் வரை என்று விளம்பரம் பார்த்துச் சித்தி மகன் துள்ளினான். அங்கே ஒரு பாயிண்ட் 25 காசு. 40 பாயிண்ட் பத்து ரூபாய். அதுவும் அதே 10 சதவீதம்தான். பாயிண்ட் எத்தனை என்று பார்க்காதீர்கள், ஒரு பாயிண்ட் எத்தனை காசு என்று பாருங்கள்.

“அப்ப எல்லாரும் கார்டு வாங்கிக்கலாமா?”

முதல் வருஷத்தில் 5,900 ரூபாய்க்குக் குறைவாக ஏசி டிக்கெட் எடுப்பவருக்குக் கட்டணமே திரும்பாது. ஸ்லீப்பரில்தான் போவேன் என்பவருக்கும் வேண்டாம். பில்லை முழுசாக, தேதி தவறாமல் கட்டாதவருக்கு வேண்டவே வேண்டாம். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். ஒரு மாதம் தவறினால் பொங்கல், தீபாவளி இரண்டிலும் சேர்த்தது போய்விடும்.

“சரி, எந்தப் பாதை நல்லா இருக்கும்?”

எனக்குப் பிடித்த கேள்வி இது. காட்சி தேடி ஊட்டிக்கும் காஷ்மீருக்கும் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, செங்கோட்டை–புனலூர் பார்த்தாச்சா என்றுதான். பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். நம்ம வாசலில் இருக்கிற மலைப்பாதை.

நெல்லை ஜங்ஷனில் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறி இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். பொருநைத் தண்ணி பாய்கிற வயல்களுக்கு அந்தப் பக்கம் பொதிகை மலை கூடவே வரும். அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கம் வண்டி வடக்கே திரும்பும். அப்போதும் மலை இடப்பக்கம்தான். நாற்று நட்டு முடித்த மாதமாக இருந்தால் பச்சை கண்ணைக் கூச வைக்கும்.

செங்கோட்டைக்கு மேலே கதை வேறு. 1904-இல் மீட்டர்கேஜில் போட்ட பாதை அது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர், 1956-இல்தான் நம்மோடு சேர்ந்தது. 2010-இல் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், அகலப் பாதையாகி முழுசாகத் திறக்க 2018 ஆனது. பகவதிபுரம் தாண்டியதும் ஒரு குகை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதற்குள் வண்டி நுழைந்ததும் பெட்டியில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் கத்துவார்கள். ஒருதடவை எனக்கு எதிரே இருந்த பாட்டி, பேரனை அதட்டுகிற சாக்கில் தானும் ஒரு குரல் கொடுத்தாள். இந்தப் பக்கம் வெயிலில் நுழைந்த வண்டி அந்தப் பக்கம் மழையில் வெளியே வரும். ஜன்னல் கம்பியில் வைத்திருந்த கை சட்டென்று குளிரும். முறுக்குப் பொட்டலத்தை அவசரமாக மடிப்பார்கள், ஷட்டரை யாரும் இறக்க மாட்டார்கள்.

பிறகு ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை. மேட்டில் வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் நின்று தள்ளும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான், சைக்கிள்காரன் கொஞ்சம் மிதித்தால் கூட வரலாம். எனக்கு அது குறையாகவே தெரிந்ததில்லை.

“பதிமூணு கண் பாலத்தை ரயில்ல இருந்து பாக்கலாமா?”

பதிமூன்று கல் வளைவுகள் உள்ள அந்த ரயில் பாலத்தின் மேல் போகலாம், பாலத்தைப் பார்க்க முடியாது. கண்களை எண்ண வேண்டுமானால் கழுதுருட்டி பக்கம் கீழே கொல்லம் சாலையில் நிற்க வேண்டும். அதனால் என் யோசனை: போகும்போது ரயில், வரும்போது பஸ். தென்காசி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கல் தூண்கள் சாலைக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கும். இறங்கிப் பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்புகிற வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடாமல் வந்தால் வீட்டில் கேள்வி வரும்.

“அதான் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கே. நேரா அதுலயே போட்டுடலாம்லா?”

போடாதீர்கள். நான் போட்டு அனுபவித்தேன். அது இரவு வண்டி, மலையை நடுராத்திரியில் கடக்கும். திரும்பி வரும்போதும் அப்படியே. கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அந்த டிக்கெட்டைப் பாயிண்ட்டில் வேறு எடுத்திருந்தேன். மலைக்காக ஏசி பெட்டியில், இருட்டில், பாயிண்ட்டைச் செலவழித்தவன் என்று வீட்டில் இன்னும் பேச்சு இருக்கிறது.

மலைக்கு வேண்டியது பகல் வண்டி. மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் தென்காசி, செங்கோட்டை வழியாகப் பகலில் மலை ஏறும். நெல்லையிலிருந்து பாசஞ்சரில் தென்காசி போய் அதைப் பிடிக்கலாம். கொல்லத்திலிருந்து சென்னை எழும்பூர் போகிற எக்ஸ்பிரஸும் செங்கோட்டை வரைக்கும் பகலில் வரும். நேரத்தை அந்தந்த மாத அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

“அப்ப பாயிண்ட்டை எதுக்குத்தான் செலவு பண்ண?”

நல்ல காட்சிக்கு ஜன்னல் திறக்க வேண்டும். ஜன்னல் திறக்கிற பெட்டி ஸ்லீப்பரும் பொதுப்பெட்டியும். அங்கே கட்டணம் சில்லறைதான், செங்கோட்டை வரை பாசஞ்சருக்கு இரண்டு டீ குடிக்கிற காசு போதும். பாயிண்ட் சேர்வதோ ஏசியில். ஏசிப் பெட்டியில் கண்ணாடி மூடியே இருக்கும், கறுப்புப் பூச்சு வேறு. ஆக, தூங்கிப் போகிற நீளமான துண்டுக்குப் பாயிண்ட், முழித்திருந்து பார்க்கிற துண்டுக்குக் காசு. நான் திட்டம் போடுவது இப்படித்தான்.

உதாரணத்துக்குக் கொங்கண், மேற்குக் கடற்கரையை ஒட்டி மும்பைப் பக்கம் போகிற பாதை. திருநெல்வேலி–ஜாம்நகர் எக்ஸ்பிரஸ், திருநெல்வேலி–காந்திதாம் ஹம்சஃபர் இரண்டும் நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாகக் கேரளம் முழுக்க ஓடிக் கொங்கண் பாதையில் வடக்கே போகும். தினசரி கிடையாது, நாள் பார்த்துப் போட வேண்டும். நம்ம ஊரிலேயே ஏறிப் படுக்கலாம், எங்கும் மாற வேண்டாம். கோவாவின் மட்காவ் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இதைப் பாயிண்ட்டில் போடுங்கள்.

போகிற வழியும் லேசுப்பட்டதல்ல. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் இரண்டு பக்கமும் நிற்கும். 1981-இல் வந்த பாதை இது. அதற்கு முன் நாகர்கோவில்காரர் நெல்லையில் ரயிலேற பஸ்ஸில்தான் வர வேண்டும்.

மட்காவில் இறங்கி ஒரு நாள் தங்குங்கள். மறுநாள் காலை அங்கிருந்து மும்பை கிளம்பும் மாண்டவி எக்ஸ்பிரஸில் காசு கொடுத்து ஸ்லீப்பர் எடுங்கள். பகல் முழுக்கக் கொங்கண். 1998-இல் முழுதாகத் திறந்த இந்தப் பாதையில் 91 குகைகள், சுமார் 2,000 பாலங்கள். ரத்னகிரிக்கு அருகே கர்புடே குகை மட்டும் ஆறரை கிலோமீட்டர். பன்வல் ஆற்றுப் பாலம் 64 மீட்டர் உயரம், கீழே தென்னை மரங்கள் கொத்தமல்லிக் கட்டு மாதிரித் தெரியும். மாண்டவி வண்டி சாப்பாட்டுக்குப் பேர் போனது, கட்டுச்சோறு தேவைப்படாது. மட்காவ்–மும்பை ஜனசதாப்தியில் 2017-இலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்த விஸ்டாடோம் பெட்டியும் உண்டு. கட்டணம் கூடுதல். பிள்ளைகளோடு போனால் அது நியாயமான செலவு, நான் தனியாகப் போனால் ஸ்லீப்பர்தான்.

மும்பையிலிருந்து திரும்ப நம்ம ஊர் வழியாகவே வருகிற வண்டிகள் உண்டு. மிச்சப் பாயிண்ட் இருந்தால் அதில் கழியுங்கள்.

“எந்த சீட் கேக்கணும்?”

சைட் லோயர். பகலில் படுக்கையை மடக்கினால் எதிரெதிரே இரண்டு நாற்காலி, உங்களுக்கென்று ஒரு ஜன்னல். மூன்றாம் ஏசியிலும் ஸ்லீப்பரிலும் 7, 15, 23, 31 என்று எட்டெட்டாகக் கூடும் எண்கள். இரண்டாம் ஏசியில் 5, 11, 17 என்று ஆறாறாக. உயரமானவர் இரவில் கால் நீட்டச் சிரமப்படுவார், அது தெரிந்தே கேளுங்கள். அந்த சீட் கடல் பக்கம் வருமா மலைப் பக்கம் வருமா என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெட்டி எந்தத் திசை பார்த்து இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. வடக்கே போகும்போது கடல் இடது கைப் பக்கம் என்று தெரிந்தால் போதும், தேவைப்படுகிற நேரத்தில் வாசல் பக்கம் போய் உள்ளே தள்ளி நின்று பாருங்கள். படியில் உட்காராதீர்கள்.

“எப்ப போறது? குத்தாலம் சீசன்ல போலாமா?”

செங்கோட்டைப் பாதைக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. சாரல் இருக்கிற நாளில் மலை முழுக்கப் புகை. கூட்டமும் இருக்கும், அது சீசன்.

கொங்கணில் மழைக்காலம்தான் அழகு, ஆனால் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை அங்கே மழைக்கால அட்டவணை. வேகம் குறைப்பார்கள், கிளம்புகிற நேரமே மாறும். பழைய நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் போகாதீர்கள். மண் சரிந்தால் வண்டி நிற்கும், அதனால் அங்கிருந்து இணைப்பு வண்டி பிடிக்கிற திட்டத்தில் குறைந்தது அரை நாள் இடைவெளி வேண்டும்.

நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றபோது நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். நவம்பர், டிசம்பரில் எனக்கு ஊர் பார்க்கப் போகிற எண்ணமே வருவதில்லை.

“எத்தனை நாளுக்கு முன்ன போடணும்?”

2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்பாகத்தான் முன்பதிவு. பழைய 120 நாள் இல்லை. முன்பதிவு திறக்கிற முதல் நாள் இணையத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும், தட்காலுக்கும் ஆதார் வேண்டும். ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள். வாராந்தர வண்டிக்கு முதல் நாளே உட்காருங்கள், சைட் லோயர் மதியத்துக்கு இருக்காது.

“அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். சீனியர் சலுகை உண்டா?”

கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பேர்தான், இருவரும் அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். பேரனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு போச்சு. அவர்களுக்குத் தனி டிக்கெட் போட்டுவிட்டு நீங்கள் வேறு டிக்கெட்டில் போங்கள். பெட்டி தள்ளி விழலாம். முட்டி வலிக்கிற அம்மாவை நடுப் படுக்கைக்கு ஏற்றுவதைவிட அது பரவாயில்லை.

“நடுவுல நடுவுல இறங்கி ஏறுற மாதிரி ஒரே டிக்கெட் உண்டா?”

சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. கிளம்பிய ஊருக்கே திரும்ப வேண்டும், எட்டு இடம் வரை நடுவில் இறங்கலாம், தூரம் கூடக் கூடக் கிலோமீட்டர் விலை குறையும். கவுன்டர் வேலை, பாயிண்ட் கிடையாது, படுக்கையைத் துண்டு துண்டாகத் தனியே பதிய வேண்டும். பொறுமையும் நாலைந்து ஊர்த் திட்டமும் இருக்கிறவருக்கு லாபம்.

“பாயிண்ட் இன்னைக்கு ராத்திரியோட காலாவதின்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?”

தொடாதீர்கள். வங்கி பேரில் “9,000 சொச்சம் ரூபாய்க்குப் பாயிண்ட் இருக்கிறது, இந்தச் செயலியை இறக்குங்கள்” என்று வருவது மோசடி. உண்மையில் எஸ்பிஐ டெபிட் கார்டுப் பாயிண்ட் ஒன்று 25 காசுதான், நம் வீட்டுச் செலவுக்கு அவ்வளவு சேரவே சேராது. மைனிக்கு அந்தச் செய்தி வந்தபோது தொகையைப் பார்த்தே சந்தேகப்பட்டார்: “நான் என்னத்தைச் செலவு பண்ணினேன், எனக்கு ஒம்பதாயிரமா?” ஏற்கெனவே இறக்கிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள், வங்கியில் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

“மக சிகாகோவுல இருக்கா. அங்க ரயில் பாயிண்ட் வச்சிருக்காளாம். நாங்க போறப்ப உபயோகப்படுமா?”

உபயோகப்படும், அங்கே பாயிண்ட்டுக்கு நம்ம ஊரைவிட மதிப்பு அதிகம். ஆம்ட்ராக் நிறுவனம் தானே பாயிண்ட் கொடுக்கிறது, டிக்கெட்டில் ஒரு டாலருக்கு இரண்டு. சிகாகோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து எமரிவில் வரை போகும் கலிபோர்னியா செஃபர் வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர், இரண்டு ராத்திரி. டென்வர் தாண்டி ராக்கி மலையைப் பகலில் ஏறும். இருவர் தூங்கும் சின்ன அறையை ரூமெட் என்கிறார்கள், அந்த டிக்கெட்டில் சாப்பாடு அடங்கும். கட்டணம் ஏறினால் கேட்கிற பாயிண்ட்டும் ஏறும், அதனால் சீக்கிரம் போடச் சொல்லுங்கள். அத்தை இட்லிப் பொடியை எடுத்துப்போகட்டும்.

அவ்வளவு தூரமா என்று மாமா மலைத்தார். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் அதைவிட நீளம், 4,100 கிலோமீட்டருக்கு மேல் என்று சொன்னேன். அப்போ அதையே பார்க்கலாமே என்கிறார் இப்போது. அதற்குப் பாயிண்ட் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.